உடைத்துப் பார்ப்பவள்

நான் அவளை முதன்முதலில் பார்த்தபோது என் வாளியை மாடியிலிருந்து கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் நான் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த முதல் நாள் அது. என் அப்பாவுக்கு, நாங்கள் அத்தா என்போம், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக் கடை. பெட்டி, பாய், வாளி எல்லாம் புதிதாக வாங்கிக் கொடுத்து, விடுதி வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கிளம்பிப் போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். ஒல்லியான ஒரு பெண், இரட்டைச் சடை, கைப்பிடிச் சுவருக்கு வெளியே என் வாளியை நீட்டிப் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் விட்டுவிட்டாள்.

கீழே சிமெண்டுத் தரையில் டமாரென்று சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"உங்குளுதுங்களா? ஒடையாதுன்னு சீட்டு ஒட்டியிருந்துச்சு. அதான் பாத்தனுங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். வாளியோடு திரும்பி வந்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். "வாளி நல்ல வாளிதானுங்க. கைப்பிடிதான் ஆகாது. பாருங்க, வளையம் வாயத் தொறந்துபோச்சு. நான் கம்பி போட்டுக் கட்டித் தாரேன்." சாயங்காலத்துக்குள் கட்டியும் தந்தாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அத்தா விட்டுவிட்டுப் போன துக்கத்தில் அழலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

இதை எழுதப்போகிறேன் என்று போன வாரம் அவளிடம் போனில் சொன்னேன். "எழுது, பேரு மட்டும் போடாத புள்ள," என்றாள். "எங்க லாரி யார்டுல எவனாச்சும் படிச்சான்னா அப்பறம் ஒருத்தனும் எங்கிட்ட ஹெல்மெட்டக் குடுக்க மாட்டான்." அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். அவளைத் தெரிந்தவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

வெண்ணந்தூர்ப் பக்கம் அவள் வீட்டாருக்குக் கோழிப்பண்ணை. அவளுடைய அப்பா கனத்த உடம்புக்காரர். மெதுவாகப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் விற்பனைக்கு ஆகாத, கீறல் விழுந்த முட்டைகளை அட்டை அட்டையாக விடுதிச் சமையலறைக்குக் கொண்டுவந்து கொடுப்பார். "என்ற பொண்ணு எதையாச்சும் ஒடச்சுதுங்களா?" என்று வார்டனிடம் கேட்பார். வார்டன் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே நிற்பார். போகும்போது மகள் தலையில் கை வைத்து, "பாத்து ஒட, சாமி," என்பார். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு.

அவளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கோபத்தில் எதையும் உடைத்து நான் பார்த்ததில்லை. ஒரு பொருள் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் அதை நம்ப முடியாது. நம்பாத பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. புதுச் செருப்பை வளைத்துப் பார்ப்பாள். புதுப் பேனாவைத் தரையில் நெட்டுக்குத்தாகப் போட்டுப் பார்ப்பாள். கட்டிலின் ஒவ்வொரு காலாக உதைத்துப் பார்த்த பிறகுதான் படுப்பாள். உடைந்துவிட்டால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். "இங்கதான் பாரு," என்று உடைந்த இடத்தைக் காட்டுவாள், ஒளிந்துகொண்டிருந்த ஆளைப் பிடித்துவிட்ட மாதிரி.

அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் எங்கள் கடைக்கு வந்தாள். செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் ஆட்டோவும் தள்ளுவண்டியும் நெருக்கிக்கொண்டு நிற்கும் நேரம். புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் சாக்குகளை அத்தா பெருமையாகக் காட்டினார். "இது கிழியவே கிழியாதும்மா. ரெண்டு பேரு சேர்ந்து இழுத்தாலும் வராது."

"கொக்கி போட்டா தாங்குங்களா மாமா?" என்று கேட்டாள்.

அத்தா சிரித்துக்கொண்டே மூட்டை தூக்கும் கொக்கியை அவளிடம் கொடுத்தார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அத்தா கவனிக்கவில்லை. அடுத்த நிமிடம் ஒரு சாக்கில் நிரப்பியிருந்த உளுந்து கடைவாசலில் அருவி மாதிரி கொட்டியது. ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து ஆளுக்கொரு கை அள்ளிக் கொடுத்தார்கள். அவள் தரையில் குந்திச் சாக்கின் கிழிசலை வெளிச்சத்தில் பிடித்து, "தையல்ல இல்லீங்க மாமா, நெசவுலயே நூலு கம்மி," என்றாள். அத்தா சாக்கை வாங்கிப் பார்த்தார். அவர் சாக்கு வாங்கும் வியாபாரியை அந்த மாதமே மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு கடைக்குப் புதிதாக எது வந்து இறங்கினாலும், "அந்தப் பொண்ணு எப்ப வருது?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

அந்த வருடம்தான் போட்டி வந்தது. நான்கு மாணவர்கள் ஓர் அணி. ஆறு கோழிமுட்டைகளைச் சுமந்துகொண்டு மணல், ஜல்லி, ஒரு படி இறக்கம், ஒரு சரிவு எல்லாவற்றையும் தாண்டி, உயரமான மேசையில் இருக்கும் தட்டில் முட்டைகளை வைக்கிற வண்டி ஒன்றை மாணவர்களே செய்ய வேண்டும். நடத்தியது ஒரு பொறியியல் கல்லூரி. அறிவிப்பை இயற்பியல் மிஸ் வகுப்பில் படித்ததும், "முட்டைங்களா?" என்று அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

அவளும் நானும் சேர்ந்தோம். திருச்செங்கோட்டிலிருந்து வந்த கவின் சேர்ந்தான். அவன் வீட்டில் போர்வெல் லாரி ஓடுகிறது. வெல்டிங், துளை போடுவதெல்லாம் சின்ன வயதிலேயே பழக்கம். கம்ப்யூட்டர் வேலைக்கு ஆத்தூர்ப் பெண் தேன்மொழி. எங்கள் பள்ளியில் பாடத்துக்கு வெளியே ஒரு காரியம் செய்வது எளிதல்ல. காலையில் தேர்வு, மாலையில் தேர்வு, நடுவில் தேர்வுக்குப் படிப்பு. தாளாளர் ஒரு நிபந்தனையோடுதான் சரி என்றார். வண்டி தயாரானதும் அவரே வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் போகலாம், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் படிக்கப் போய்விட வேண்டும்.

விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் தகரக் கொட்டகையை எங்களுக்கு ஒதுக்கினார்கள். லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றிலிருந்து பழைய வைப்பர் மோட்டார்களைக் கவின் வாங்கிவந்தான். அலுமினியக் குழாயில் சட்டம், முட்டையைத் தட்டில் வைக்க ஒரு குட்டைக் கை, சைக்கிள் டியூபை வெட்டி முட்டைக்கு மெத்தை. வண்டி ஓடியது. முதல் தடவை அது தானாக மணலில் ஏறி இறங்கியபோது தேன்மொழி என்னைக் கட்டிக்கொண்டாள். கவின் மட்டும் வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

தாளாளர் வருவதற்கு நாலு நாள் இருக்கும்போது அவள் அதன்மேல் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்றால் மெதுவாக இல்லை. ஸ்டூலிலிருந்து குதித்து உட்கார்ந்தாள். சக்கரம் மாட்டிய அச்சு பற்றவைத்த இடத்தில் விட்டுப்போய், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது.

"ஏம்புள்ள, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா?" என்று கவின் கத்தினான். அவன் குரல் உடைந்தே போயிற்று. "இத்தன நாளு செஞ்சத..."

"படியிலிருந்து எறங்கறப்ப இதே மாதிரிதானடா இடி விழுகும்," என்றாள். "அங்க ஒடையறதுக்கு இங்கயே ஒடையட்டும். பாரு, ஒரு பக்கத்து வெல்டுதான் போயிருக்குது. இன்னொரு பக்கம் கல்லு மாதிரி நிக்குது. அதுவும் நீ வெச்ச வெல்டுதான். அது எப்பிடி வெச்ச, இது எப்பிடி வெச்சேன்னு பாத்தா போச்சு."

கவின் வெளியே போய்விட்டான். இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. ஆனால் அன்று மாலையே திரும்பி வந்து, உடைந்த அச்சைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கோபத்தில் இருந்தாலும் அவனுக்கும் அது புரிந்துவிட்டது. மறுபடி பற்றவைத்து, குறுக்கே ஒரு தகடும் சேர்த்தான். சேர்த்த பிறகு, அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, "இப்ப உக்காரச் சொல்லு," என்றான் என்னிடம். அவள் உட்கார்ந்தாள். தேன்மொழியையும் மடியில் இழுத்து உட்கார வைத்தாள். அச்சு அசையவில்லை.

தாளாளர் வந்த அன்று நாங்கள் வண்டியில் முட்டைகளை வைத்துத் தயாராக நின்றோம். அவர் வெள்ளைச் சட்டையோடு வாசலிலேயே நின்று, "ஓடுமா?" என்றார்.

"ஓடும்ங்கய்யா. நீங்களே ஒரு ஒத ஒதைச்சுப் பாருங்க," என்றாள் அவள்.

இயற்பியல் மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். தாளாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செருப்பு நுனியால் லேசாகத் தட்டினார். "அப்பிடி இல்லீங்கய்யா. பந்த ஒதைக்கற மாதிரி." அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வேட்டியைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, உண்மையாகவே ஓர் உதை விட்டார். வண்டி ஓடிப்போய்ச் சுவரில் மோதி நின்றது. அவரே முதலில் போய்க் குனிந்து பார்த்தார். ஆறு முட்டையும் அப்படியே இருந்தன. தாளாளர் சிரித்து நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. இன்னொரு தடவை உதைக்கலாமா என்று கேட்டார்.

அவள் இப்படி ஆனதற்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா பேச்சுவாக்கில் சொன்னார். அவள் ஏழாவது படிக்கும்போது ஒரு கோடைக் காற்றில் பண்ணையின் பெரிய கொட்டகைக் கூரை அப்படியே பிரிந்து விழுந்து, உள்ளே இருந்த கோழிகளில் பாதிக்குமேல் செத்துப்போயிற்றாம். புதிதாகப் போட்ட கூரை. இருபது வருடம் நிற்கும் என்று சொல்லிப் போட்டது. அதற்குப் பிறகு அவர்கள் நிமிர்ந்து உட்கார வெகுகாலம் பிடித்தது.

அன்று இரவு சாப்பாட்டு வரிசையில் அவளிடம் கேட்டேன். "அதனாலதான் எல்லாத்தையும் இப்படிப் போட்டு உடைக்கிறியா?"

தட்டை ஏந்திக்கொண்டு யோசித்தாள். "இல்ல புள்ள. நான் பொறந்ததுல இருந்தே இப்பிடித்தான். அந்தக் கூரை மேலயும் ஏறிக் குதிச்சுப் பாக்கறேன்னுதான் சொன்னேன். எங்கப்பாருதான் உடல." சொல்லிவிட்டு, குழம்புக் கரண்டியை ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

அவள் பொருள்களோடு நின்றிருந்தால் இதில் சிரிப்பதற்கு மட்டுமே இருந்திருக்கும். ஒருமுறை என்னையும் அப்படிப் பார்த்தாள்.

வண்டி வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். ஒருநாள் மாலை கொட்டகையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டதாகவும், முழுப்பரீட்சை முடிந்ததும் படிப்பை நிறுத்திவிடப் போவதாகவும் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். நான் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. தேன்மொழி கேட்டும் சொல்லவில்லை, மிஸ் கேட்டும் சொல்லவில்லை. தொழுகையில் அவளுக்காகத் தனியாக துஆ கேட்டேன். இரண்டு வாரம் கழித்து அவள் வந்து, சாதாரணமாக, "சும்மா சொன்னேன் புள்ள. நீ யாருகிட்டயும் சொல்லல பாத்தியா. நீ தாங்குவ," என்றாள். முகத்தில் அதே வெளிச்சம்.

நான் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். "நான் என்ன வாளியா?" என்று கேட்டேன். "உனக்காக எத்தனை நாள் துஆ கேட்டேன் தெரியுமா?"

அந்த வெளிச்சம் அணைந்ததை நான் பார்த்தேன். மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த மூன்று நாளும் அவள் எதையும் வளைக்கவில்லை, தட்டவில்லை, போட்டுப் பார்க்கவில்லை. விடுதியே ஏதோ காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது. நாலாம் நாள் காலை நான் துணி துவைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, பக்கத்தில் குந்தி, என் துணிகளை அலசிப் பிழிந்து கொடுத்தாள்.

"நீ சோறு உங்காம எந்திரிச்சுப் போனப்பவே சொல்லியிருக்கோணும்," என்றாள். "தெரிஞ்சும் சொல்லல. அது தப்புத்தான். இனிமே மனுசங்ககிட்ட கேக்காம எதும் பண்ண மாட்டேன்."

நான் சரி என்றேன். அந்த வார்த்தையை அவள் காப்பாற்றினாள். போட்டி நாளில் அதை நேரில் பார்த்தேன்.

போட்டியில் காலைச் சுற்று எங்களுக்கு நன்றாகவே போயிற்று. பல அணிகளின் வண்டிகள் ஜல்லியில் சக்கரம் சிக்கி நின்றன. சில படியிலிருந்து இறங்கும்போதே முட்டையைக் கொட்டின. எங்கள் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் இறுதிச் சுற்றின் விதியைச் சொன்னார்கள். மிச்சமிருக்கும் அணிகளைக் குலுக்கிப் போட்டு இரண்டிரண்டாகச் சேர்ப்பார்கள். ஓர் அணியின் வண்டி முட்டையைச் சரிவின் உச்சிவரை கொண்டுவர வேண்டும். மற்ற அணியின் வண்டி அங்கிருந்து எடுத்து மேசைத் தட்டில் வைக்க வேண்டும். ஓட ஆரம்பித்த பிறகு கை படக் கூடாது.

எங்களோடு சேர்ந்தது பெருநகரத்துப் பள்ளி ஒன்று. அவர்களுடைய வண்டி வெள்ளை வெளேரென்று, கம்ப்யூட்டரில் வரைந்து இயந்திரத்தில் அச்சடித்து எடுத்த பிளாஸ்டிக் பாகங்களால் ஆனது. நீளமான கை, நுனியில் மூன்று விரல். அதைப் பார்த்ததும் எங்கள் வண்டியைத் துணி போட்டு மூடிவிடலாமா என்று எனக்கு இருந்தது. அவர்களுடைய தலைவன் கண்ணாடி போட்ட பையன், பெயர் ஆதித்யா.

அவள் நேராக அவனிடம் போனாள். "உங்க வண்டிய ஒருக்கா ஒடச்சுப் பாக்கலாமுங்களா?"

அவன் ஓர் எட்டு பின்னால் போனான். "என்னது?"

"எவ்வளவு தாங்குதுன்னு பாக்கோணும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் இருக்குதுல்லங்க. வேண்டாம்னா வேண்டாம்."

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல டெஸ்ட் பண்ணியாச்சு. உடையாது," என்றான்.

நாங்கள் மூவரும் அவள் என்ன செய்யப்போகிறாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தோம். 'உடையாது' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அவள் சும்மா இருந்ததே இல்லை. "சேரிங்க," என்றாள். திரும்பி வந்து, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தாள். கவின் என் காதில், "இவளுக்கு உடம்பு சரியில்லியா?" என்றான்.

அவள் பாதிதான் சாப்பிட்டிருப்பாள். ஆதித்யாவே எங்களிடம் வந்தான். அவன் அணியின் மற்ற மூன்று பேரும் பின்னால் நின்றார்கள். "எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

கை கழுவக்கூட இல்லை. எழுந்துவிட்டாள்.

முதலில் விரலில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். தாங்கியது. ஆதித்யா எங்களைப் பார்த்துச் சிரித்தான். பாட்டிலோடு கையை மேலே தூக்கி, சட்டென்று நிறுத்தச் சொன்னாள். தாங்கியது. மறுபடி, மறுபடி, மறுபடி என்றாள். எத்தனையோ தடவை கழித்து மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. விரல் ஆரம்பிக்கும் மூட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக் அடுக்கடுக்காகப் பிரிந்து, பாட்டில் தரையில் விழுந்து உருண்டது.

ஆதித்யாவின் கண் நிரம்பிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு திரும்பி நின்றான். அவனுடைய அம்மா தூரத்து நாற்காலியிலிருந்து எழுந்து வர ஆரம்பித்தார்.

அவள் அவன் முன்னால் போய் நின்றாள். இந்தத் தடவை முகத்தில் வெளிச்சத்தை நான் காணவில்லை. "ஒடைஞ்ச எடம் தெரிஞ்சுபோச்சுங்க. அங்க மட்டும் பண்ணுனா போதும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. நாம எட்டுப் பேரு இருக்கறோம்," என்றாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்களை எண்ணினான், எட்டுப் பேர் இருக்கிறோமா என்று உறுதிப்படுத்திக்கொள்வது போல.

மூட்டுக்கு இருபுறமும் உலோகத் தகடு வேண்டும். தகடு எங்களிடம் இல்லை. கவின் புளிசாதத்துக்கு வைத்திருந்த எவர்சில்வர் ஸ்பூன்களைப் பார்த்தான். இரண்டு ஸ்பூன்களின் காம்பை வெட்டி, கல்லில் வைத்துத் தட்டி நேராக்கி, துளை போட்டு, இருபுறமும் வைத்துத் திருகு முடுக்கினான். கை ஒரே வெட்டாக எழும்பாமல் மெதுவாக எழும்பும்படி தேன்மொழியும் அவர்கள் அணிப் பெண்ணும் சேர்ந்து நிரலை மாற்றினார்கள். நான் டியூபை வெட்டி விரல்களுக்கு உறை போட்டேன். ஆதித்யாவின் அம்மா முதலில் கோபமாகத்தான் வந்தார். ஐந்து நிமிடத்தில் மூட்டின் இடுக்கு தெரிய எங்களுக்குப் போன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும், எங்கள் வண்டியையும் அவர்கள் வண்டியையும் சேர்த்து, சரிவில் ஏற்றி, முட்டையைக் கைமாற்றிப் பழகினோம். போதும் என்று நான் சொல்லியும் அவள் விடவில்லை. இன்னொருக்கா, இன்னொருக்கா என்று எங்கள் வண்டியை ஏற்றிக்கொண்டே இருந்தாள்.

அதன் பலனை இறுதிச் சுற்றில் கண்டோம். வண்டி மணலைத் தாண்டியது, ஜல்லியைத் தாண்டியது, படியில் பொத்தென்று இறங்கியது. சரிவில் ஏற ஆரம்பித்ததும் முனகியது. உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் முழுக்க ஓட்டிப் பார்த்ததில் அதை மறுபடி சார்ஜ் போட எங்கள் யாருக்குமே தோன்றவில்லை.

கூட்டம் உச்சுக்கொட்டியது. நான் அவளைப் பார்த்தேன். அவள் வண்டியைப் பார்க்கவில்லை, வெள்ளைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதித்யா மேலே, சரிவின் உச்சியில், ரிமோட்டோடு நின்றான்.

"அவ்வளவு தூரம் கீழ நீட்டினா தாங்குமா?" என்று கேட்டான். அவன் கேட்டது அவளிடம்தான்.

"தெரியலீங்க," என்றாள். "நீட்டித்தான் பாக்கோணும்."

அவன் நீட்டினான். அந்தக் கை அந்தத் தூரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. நடுங்கிக்கொண்டே இறங்கி, ஒரு முட்டையைப் பிடித்து, நடுங்கிக்கொண்டே எழும்பியது. ஸ்பூன் காம்பு வெயிலில் மின்னியது. முதல் முட்டை தட்டில் உட்கார்ந்தபோது யாரும் கை தட்டவில்லை. தட்டினால் விழுந்துவிடுமோ என்று எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள். இரண்டாவது வந்தது. மூன்றாவதுக்குக் கூட்டம் எண்ண ஆரம்பித்தது. ஐந்தாவது தட்டில் ஏறிவிட்டது. ஆறாவது தட்டுக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போது, நேரம் முடிந்துவிட்டதென்று நடுவர் விசில் ஊதினார்.

எல்லோரும் ஆவென்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் ஆதித்யாவின் கை எந்தப் பொத்தானில் பட்டதோ, விரல்கள் விரிந்தன. அவள் பாய்ந்து போய் முட்டையைக் காற்றிலேயே பிடித்துவிட்டாள். பிடித்த பிடியில் அது உடைந்தது. மஞ்சள்கரு முழங்கைவரை வழிந்தது. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை என்னால் எழுதிக் காட்ட முடியாது. ஆதித்யா சிரித்தான், நடுவர் சிரித்தார். கவின் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

போட்டி பார்க்க வந்திருந்த அவளுடைய அப்பா கூட்டத்தை மெதுவாக விலக்கிக்கொண்டு வந்தார். துண்டால் அவள் கையைத் துடைத்தார். முட்டை ஓட்டை விரலில் எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"இது நம்ம பண்ண முட்டை இல்ல, சாமி," என்றார். "நம்ம முட்டையா இருந்தா தாங்கியிருக்கும்."

எட்டுப் பேருக்கும் சேர்த்து இரண்டாம் பரிசு. திரும்பும்போது வேனில், பேட்டரியைத் தீர்த்தது தான்தான் என்று அவள் சொன்னாள். "அடுத்த வருசம் ரெண்டு பேட்டரி," என்றான் கவின். பிறகு நாமக்கல் மலைக்கோட்டை தெரிகிறவரை பாட்டுத்தான். அவளுக்குப் பாட்டு வராது. அதைத் தெரிந்துகொண்டே பாடினாள்.

பிறகு ஆளுக்கொரு திசையில் படித்தோம். அவள் மெக்கானிக்கல் படித்து, இப்போது நாமக்கல்லில் டிரெய்லர் லாரி கட்டும் யார்டு ஒன்றில், புதுச் சட்டங்கள் எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிறாள். சம்பளம் கொடுத்து இதைச் செய்யச் சொல்கிறார்களே என்று அவளுக்கு இன்னும் ஆச்சரியம். நான் சேலத்தில் கோழிப்பண்ணைக் கருவிகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன்.

போன ஆடி மாதம் நான் முதன்முதலாகத் தனியாக வரைந்த தீவன வண்டி தயாரானது. கூண்டு வரிசைகளுக்கு நடுவே பேட்டரியில் ஓடி, இருபுறமும் தீவனம் போடும் வண்டி. மறுநாள் பெரிய பண்ணைக்காரர்களைக் கூட்டி வைத்து அதைக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஓர் உண்மையான பண்ணையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று மேலாளரைச் சம்மதிக்க வைத்து, அவளுடைய அப்பாவின் பண்ணைக்கே கொண்டுபோனேன். அவளும் லீவு போட்டு வந்திருந்தாள். வண்டி அழகாக ஓடியது. கோழிகள் கழுத்தை நீட்டி நீட்டித் தின்றன. மேலாளர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒருக்கா ஏறிப் பாக்கலாமுங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

"தாராளமா ஏறிப் பாருங்கம்மா," என்றார். அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ.

அவள் செருப்பைக் கழற்றினாள். தீவனம் நிரம்பிய வண்டியின் மேல் இன்னும் ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தாள். அதன்மேல் ஏறி, வண்டி ஓடும்போதே ஒரு குதி குதித்தாள். சங்கிலியைத் தாங்கும் தாங்கி படீரென்று விட்டது. வண்டி முன்பக்கமாகக் கவிழ்ந்து, தீவனம் முழுவதும் நடைபாதையில் கொட்டி, கொட்டகையிலிருந்த அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டன. மேலாளரின் கையிலிருந்த போன் படம் எடுத்துக்கொண்டே இருந்தது.

"இங்கதான் பாரு," என்று தீவனத்தின் நடுவிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

நான் போய்க் குனிந்து பார்த்தேன். உண்மைதான், அங்கேதான். வரையும்போது அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் தீவனத்தைக் கையால் ஒதுக்கிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தோம். அவள் தாங்கியை நிமிர்த்திப் பிடித்தாள், நான் தகட்டின் கனத்தை அளந்தேன்.

மேலாளர் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார். "யாரும்மா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். "உன் சொந்தக்காரங்களா?"

"எங்க டீம் சார்," என்றேன். "அந்த ஸ்பேனரக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."